தோலின் பழக்கம்

வயிற்றின் கொழுப்பையும் தோலையும் ரத்தக் குழாயோடு எடுத்து மார்பில் வைத்துத் தைப்பார்கள் என்பது தமயந்திக்குச் சுலபமாகப் புரிந்தது. அவள் கால்நடை மருத்துவர். பொள்ளாச்சிக்குத் தெற்கே அவள் கைபடாத மாடு குறைவு. மடிநோய் கண்ட பசுவென்றால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவள், தன் இடது மார்பில் இருந்த கட்டியைக் குளிக்கும்போது கை தடுக்கி நின்றபோதுதான் கவனித்தாள். மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர் பாய்ச்சினார்கள். எல்லாம் ஓய்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு கோயம்புத்தூரில் டாக்டர் உமையாளின் எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன் நந்தகோபால்.

"வடிவம் வந்துடும், சரிங்க. உணர்ச்சி வருமா?" என்று தமயந்தி கேட்டாள்.

"பழைய முறையில வராது" என்றார் உமையாள். ஐம்பதை நெருங்கும் வயது, நரையை மறைக்காத கூந்தல், காரைக்குடிப் பக்கத்துப் பேச்சு. "மரத்துப்போன ஒரு மேடு மாதிரி இருக்கும். எங்கிட்ட வந்த ஒருத்தங்க வெந்நீர்ப் பை வச்சு, தோல் கொப்பளிச்ச பிறகுதான் பாத்தாங்க. அதனால இப்ப நரம்பை நரம்போட சேத்துத் தைக்கிறோம். கூடவே அரிசியளவு ஒரு சில்லு வைக்கிறோம்."

"அது என்ன பண்ணும்?"

"வயித்துத் தோல் மார்புல வந்து உக்காந்தா, மூளைக்கு அது அந்நியம். எது தடவுறது, எது கிள்ளுறதுன்னு தெரியாது. பாஷை தெரியாத ஊருக்குக் குடிபோன மாதிரி முழிக்கும். யாராவது அந்தப் பாஷையச் சொல்லிக்கொடுக்கணும். நோய் இல்லாத ஒரு பொம்பளை, மெல்லிசா ஒரு பதிவுச் சட்டையை உள்ளாடை மாதிரிப் போட்டுக்கிட்டு ஒரு வருஷம் வாழ்ந்தாங்க. அந்த வருஷம் முழுக்க அவங்க மார்புத் தோல் எதுக்கு எப்படிப் பதில் சொல்லுச்சோ, அதெல்லாம் பதிவாச்சு. தொடுபிரதின்னு பேரு. அதைத்தான் சில்லுல ஏத்துறோம்."

நந்தகோபால் பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லித்தருபவன். "அவங்க ஞாபகமும் சேந்து வருங்களா?" என்றான்.

"முகம் வராது, பேர் வராது, நினைப்பு வராது. தோலோட பழக்கம் மட்டும் வரும்."

"யாருங்க அவங்க?"

"அதைச் சொல்லக்கூடாது." டாக்டர் பேனாவை மூடினார். "பதிவு செஞ்சவங்கள்லயே அவங்க தோல்தான் ரொம்பக் கூர்மை. தூசி விழுந்தாக்கூடப் பதில் சொல்லும். அதனாலதான் எல்லாருக்கும் அவங்க பிரதியையே வைக்கிறோம்."

தயாராவதற்கே ஒரு மாதம் பிடித்தது. வயிற்றின் ரத்தக் குழாய்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று படம் எடுத்தார்கள். சில மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தார்கள். அதில் பந்து மேலே ஏறும்வரை அவள் உறிஞ்சுவதை நந்தகோபால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கப் பழகினாள். அறுவை அன்று காலை அவளை நிற்கவைத்து, வயிற்றிலும் மார்பிலும் ஊதா மையால் கோடு போட்டார் உமையாள். கன்றுக்குட்டிகளுக்குக் காதில் எண் போடுவது நினைவுக்கு வந்து தமயந்தி சிரித்துவிட்டாள்.

விழித்தபோது எழமுடியவில்லை. உடம்பிலிருந்து நான்கு பக்கமும் குழாய்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ரத்தநீர் வடியும் ஒரு குடுவை. மணிக்கொரு தரம் ஒரு நர்ஸ் வந்து புது மார்பின் மேல் பேனா போன்ற ஒன்றை வைப்பாள். அறை முழுக்க ஒரு சத்தம் கேட்கும். ஈரத்துணியை அலசுவதுபோல, விட்டுவிட்டு. "ரத்தம் ஓடுதுங்கக்கா, நல்லா ஓடுது" என்பாள்.

வீட்டுக்கு வந்தும் பல நாள் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. வயிற்றுத் தையல் இழுக்கும். கூன்போட்டு நடந்தாள். குடுவைகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நந்தகோபால்தான் அவற்றைக் காலி செய்தான், தலை அலசிவிட்டான், இட்லியை உதிர்த்து ஊட்டினான். சுவரில் விரல்களை எறும்புபோல ஏற்றிக் கையைத் தூக்கும் பயிற்சியில், நேற்றைவிட ஓர் அங்குலம் மேலே போனால் அங்கே பென்சிலால் கோடு போட்டான்.

உணர்ச்சி திரும்பியது சில மாதம் கழித்து, ஒரு சாயங்காலம். காபி டம்ளரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். இடது பக்கம் சுட்டது. உண்மையாகவே சுட்டது. டம்ளரை எடுத்தாள், ஆறியது. மறுபடி வைத்தாள், சுட்டது. "என்னங்க, இங்க வாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் அவள் கீழே விழுந்துவிட்டாளென்று அவன் ஓடிவந்தான். இருவரும் அன்று அழுதார்கள்.

அதற்கடுத்த வாரம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையோ எடுக்க நந்தகோபால் அவள் தலைக்கு மேலாகக் கையை உயர்த்தினான். அவளுடைய இடது மார்பு சுருங்கி இறுகியது. தோலெல்லாம் முள்முள்ளாக எழுந்தது. மூச்சு நின்றது. கை இறங்கி, டப்பாவோடு அவன் நகர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

"என்னாச்சு அம்மணி?"

"ஒண்ணுமில்ல. தையல் இழுக்குது."

தையல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அது பயம். ஆனால் அவள் மனசு பயப்படவில்லை. மனசு டப்பாவில் என்ன இருக்கிறதென்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கையகலத் தோல் மட்டும் தனியாக, அவளைக் கேட்காமல் பயந்தது.

பிறகு அது அடிக்கடி வந்தது. அவன் வேலையிலிருந்து வந்து சாவிக்கொத்தை டீப்பாயின் மேல் போட்டால் வந்தது. பின்னாலிருந்து நடந்துவந்தால் வந்தது. அன்பாகத் தோளில் கைவைக்க வந்தால், கை பட்ட பிறகு அல்ல, படுவதற்கு முன்பே வந்தது. உமையாளுக்கு போன் செய்தாள். "நரம்பு வளர்றப்ப அப்படித்தான். போகப்போகச் சரியாகும்" என்றார் அவர். ஏதோ அவசரம்போல உடனே வைத்துவிட்டார்.

நந்தகோபாலிடம் எத்தனை நாள் மறைப்பது? ஒருநாள் அவனே கேட்டான். "நான் உன்னை எப்பவாச்சும் ஏதாச்சும் பண்ணியிருக்கேனா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"பின்ன ஏன் என்னைக் கண்டா உடம்பை ஒடுக்குற?"

"நான் ஒடுக்கலீங்க. அது ஒடுக்குது."

அவன் டீப்பாயின் மேல் கிடந்த சாவிக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு வாத்தியார் குரலில் மெதுவாகச் சொன்னான்: "அந்தச் சட்டையில தொடுறது மட்டுமா பதிவாயிருக்கும்? அதிர்வும் பதிவாயிருக்கும். சத்தம்னா என்ன, அதிர்வுதானே. கையை ஓங்கினாக் காத்து அசையும், அதுவும் தோலுக்குத் தெரியும். அந்தப் பொண்ணு எதையோ…" அவன் முடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் மாறினான். அறைக்குள் வருமுன் இருமினான். அவள் பக்கத்தில் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான். பத்தொன்பது வருடத்தில் அவள்மேல் குரலைக்கூட உயர்த்தாத மனிதன், தன் வீட்டுக்குள்ளேயே குற்றவாளியைப்போல நடக்கப் பழகினான். அதைப் பார்க்கத்தான் தமயந்திக்குத் தாங்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய புதிதில் கோட்டூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனாள். ஒரு சிந்திப் பசுவுக்குப் பால் குறைந்துவிட்டதாம். தமயந்தி கிட்டே போய்க் கையைத் தூக்கினாள். பசுவின் விலாத் தோல் அலையடித்தது. கண் வெள்ளை தெரிய, முன்காலை மாற்றி வைத்தது.

"இதை யாருங்க அடிக்கிறது?" என்றாள்.

"அய்யோ, யாரும் அடிக்கறதில்லீங் டாக்டர். புள்ளையாட்டம் வெச்சிருக்கறமுங்" என்றார் பண்ணைக்காரர்.

"நீங்க சொல்றது இருக்கட்டுங்க. தோல் வேற சொல்லுது."

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். ஒரு கை பசுவின் விலாவிலும், மறு கை தன் மார்பிலும் இருந்தது.

மறுபரிசோதனை நாளில் மருத்துவமனைக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அதே அறுவை செய்துகொண்டவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், பேச்சில்லை. டாக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே உமையாள் எதையோ எழுதிக்கொண்டிருப்பது தமயந்தியின் இருக்கையிலிருந்து தெரிந்தது. அடுத்த அறைகளைப் பூட்டிவிட்டு வந்த வாட்ச்மேன், பெரிய சாவிக்கொத்தொன்றைக் கண்ணாடி மேசையின் மேல் சளாரென்று போட்டார்.

கூடத்தில் இருந்த அத்தனை பெண்களின் கைகளும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குப் போயின. அவரவர் தைத்த பக்கத்துக்கு.

ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாட்ச்மேன் பயந்து, "என்னங்கம்மா?" என்றார்.

"உங்களுக்குமா?" என்று பச்சைச் சேலைக்காரி ஒருத்தி கேட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவள் என்று பிறகு தெரிந்தது. "பேய் பிடிச்சிருக்குன்னு எங்க மாமியா தாயத்துக் கட்டியுட்டாங்க. பாருங்க."

"எங்கக்கா நம்பவே மாட்டேங்குறா. உம் புருஷன் அடிக்கிறானா சொல்லு, போலீஸ்ல சொல்றேங்கறா. அவர் பாவம், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்" என்றாள் இன்னொருத்தி.

ஓரமாக இருந்த இளம்பெண் மட்டும் தலை குனிந்தபடி, "நான் எங்க வீட்டுக்காரரை விட்டே வந்துட்டேன்" என்றாள். "அவர் கிட்ட வந்தாலே பயமா இருந்துச்சு. தப்பு அவர் மேலதான்னு நெனச்சேன்."

தமயந்தி எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவள் கண் இன்னும் அந்தத் திறந்த கதவில் இருந்தது. சாவி விழுந்த நொடியில் உள்ளே உமையாளையும் அவள் பார்த்திருந்தாள். டாக்டரின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. அவர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, இடது தோளை ஏற்றி, முழங்கையால் முகத்தை மறைத்திருந்தார். ஒரு நொடிதான். பிறகு பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

பதிவுச் சட்டை மறைத்த இடம் மட்டும்தான் மற்றவர்களுக்கு வந்திருந்தது. அவருக்கோ உடம்பு முழுவதுமே பயந்திருந்தது.

தமயந்தி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மெதுவாகச் சாத்தினாள்.

"டாக்டர், அந்தப் பிரதி உங்களோடதுங்களா?"

உமையாள் நிமிரவில்லை. "யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நான் மாட்டு டாக்டர். வாய் பேசாததுங்களைப் பாத்துப் பாத்துப் பழக்கம்."

உமையாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல யாரும் முன்வரல. ஒரு வருஷம் சட்டை போட்டுக்கிட்டு யார் இருப்பா? அதனால நானே போட்டுக்கிட்டேன். அப்புறம் சில பேர் வந்தாங்க. எல்லாத்தையும் ஒப்பிட்டப்போ, என்னோடதுதான் ரொம்பக் கூர்மைன்னு எஞ்சினியருங்க சொன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு, தமயந்தி. ஏன் இவ்வளவு கூர்மைன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

"நான் போன் பண்ணினேனே?"

"ஒவ்வொரு போனையும் வச்சப்புறம் சரியாகும்னு எனக்கே சொல்லிக்குவேன். நான் ஒரு மாதிரி சமாளிச்சுட்டேன்னு இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். எப்பவாவது ஒரு நாள்தான். எங்க வீட்டுக்காரர் கோபக்காரர், சாயங்காலம் வந்து சாவியைப் போடற சத்தத்துலயே தெரிஞ்சுடும், மத்தபடி ஊரே மதிக்கிற மனுஷர். என் உடம்பு அதையெல்லாம் பெருசா எடுத்துக்கலைன்னு நெனச்சேன். நாப்பது பேருக்கு மேல என்கிட்ட வந்து பயமா இருக்குன்னு சொல்றாங்க. நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாததை." கழற்றிய கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "அழிச்சுடலாம். ஒவ்வொருத்தரா வரச்சொல்லி எல்லாத்தையும் அழிச்சுடறேன். பழையபடி மரத்துப் போகும், ஆனா பயம் இருக்காது."

"எங்களோடதை அழிச்சுடுவீங்க. உங்களோடது?"

உமையாள் எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு நடந்தார். தாயத்துக் கட்டியிருந்த பச்சைச் சேலைக்காரியின் எதிரில் நின்றார்.

"உங்களுக்குப் பேய் எதுவும் பிடிக்கலம்மா" என்றார். "அது என்னோட தோல்."

அந்த வாரமே உமையாள் ஒரு பெட்டியோடு சாய்பாபா காலனியில் சின்ன வீடொன்றுக்குக் குடிபோனார். பெட்டியைத் தூக்கிவைத்தவர்களில் நந்தகோபாலும் ஒருவன். உமையாளின் கணவர் ஒருமுறை மருத்துவமனைக் கூடத்துக்கு வந்து, அமைதியான குரலில், மரியாதையாகப் பேசிப் பார்த்தார். காத்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவரை முன்பின் பார்த்திராதவர்கள், அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் போய்விட்டார்.

பிரதிகள் அழிக்கப்பட்டன. தமயந்தியின் மார்பு மறுபடி மரத்தது. இளம்பெண்ணின் கணவன் ஈரோட்டிலிருந்து வந்து கூட்டிப்போனான். முன்புபோல் சேர்ந்து வாழ முடிந்ததா என்று தெரியவில்லை, அவள் பிறகு பரிசோதனைக்கு வரவே இல்லை.

வேறு பெண்ணின் பிரதியை வைக்கலாம் என்று எஞ்சினியர்கள் சொன்னார்கள். நரம்புகள் ஒரு பாஷையைப் பாதி கற்றுவிட்டன, இன்னொன்றைக் கற்குமா என்று சந்தேகம்தான், ஆனாலும் பார்க்கலாம் என்றார்கள். தமயந்தியும் இன்னும் சிலரும் உமையாளின் புது வீட்டுக்குப் போனார்கள்.

"நீங்களே மறுபடியும் அந்தச் சட்டையைப் போட்டுக்கங்க டாக்டர். இந்த வீட்ல. ஒரு வருஷம். நாங்க காத்திருக்கறோம்."

"வேண்டாம்" என்றார் உமையாள். "என் தோலை இனிமே யாருக்கும் கொடுக்கமாட்டேன். நான் கொடுத்தது போதாதா?"

"நீங்க நல்லா இருக்கறீங்களான்னு எங்களுக்கு வேற எப்படிங்க தெரியும்?" என்றாள் திருப்பூர்க்காரி.

உமையாள் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. சில நாள் கழித்து, சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பதாக ஒரு செய்தி மட்டும் அனுப்பினார்.

அந்த ஒரு வருடம் தமயந்திக்கு விசித்திரமாகக் கழிந்தது. பயம் போய்விட்டது. ஆனால் நந்தகோபாலின் இருமல் போகவில்லை. வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும், வாசற்படியில் அவன் கால் தயங்கி நிற்கும். சில சமயம் அவள் மரத்துப்போன மார்பைக் கையால் அழுத்திப் பார்ப்பாள். உள்ளே யாரோ குடியிருந்து காலிசெய்துகொண்டு போன வீடுபோல இருந்தது. பயந்தவள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறாள் என்று நினைப்பு ஓடும்.

உமையாளின் புதுப் பிரதியை ஏற்றி உணர்ச்சி மெல்லத் திரும்பியபோது அவள் முதலில் செய்த காரியம் நந்தகோபாலைக் கூப்பிட்டதுதான். "கையைத் தூக்குங்க."

"வேண்டாம் அம்மணி."

"தூக்குங்க. சும்மா, மேல இருந்து எதையோ எடுக்கற மாதிரி."

அவன் தூக்கினான். பாதியில் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்தினான். அவள் மார்பு அமைதியாக இருந்தது. அவன் சட்டை உரசிய மென்மை மட்டும் தெரிந்தது. சாவிக்கொத்தை வாங்கி அவளே டீப்பாயின் மேல் போட்டாள். ஒன்றுமில்லை. அது வெறும் சாவிச் சத்தம். நந்தகோபால் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். சில நாள் போன பிறகுதான் அதைக் கவனித்தாள். பொழுது சாய்ந்து விளக்குப் போடுகிற நேரம் வந்தால் மார்பில் ஒரு மாற்றம் தெரிந்தது. பயமில்லை, இறுக்கமில்லை. தோல் லேசாக விழித்துக்கொண்டது. காதைத் தீட்டிக்கொண்டு வாசல் சத்தத்தைக் கேட்பதுபோல. யாரோ வருகிற நேரம். யாரும் வரவில்லை. அரைமணி நேரம்போல அப்படியே காத்திருந்துவிட்டு மெதுவாகத் தளர்ந்தது. மறுநாளும் அதே நேரம், அதே காத்திருப்பு. கன்று செத்த பசுவுக்கும் கறவை நேரம் வந்தால் மடி சுரந்துவிடும். தமயந்தி அதை எத்தனையோ தொழுவங்களில் பார்த்திருக்கிறாள்.

அடி நின்று ஒரு வருடமாகியும், தனியாகத் தாழ்ப்பாள் போட்ட வீட்டில், ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அம்மாள் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒருவரிடமும் சொல்லாமல். அநேகமாகத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல்.

நந்தகோபாலிடம் அவள் சொல்லவில்லை. மருத்துவமனைக்கும் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் இதையும் அழித்துவிடுவார்கள்.

அடுத்த நாள் விளக்குப் போடும் நேரம் வந்தது. தோல் விழித்தது. தமயந்தி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். என்ன பேசுவதென்று யோசித்தாள். சாப்பிட்டீங்களா டாக்டர், என்ன சமைச்சீங்க, எங்க பக்கம் மழை பிடிச்சிருக்குது, இப்படி ஏதாவது. அந்த அரைமணி நேரம் ஓடினால் போதும்.

எண்ணைப் போட்டாள். உமையாள் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். அப்போதும் அதே குரல். மூன்றாம் முறையும் இணைப்பு கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில் யாரோடு இத்தனை நேரம் பேசுகிறார் என்று முதலில் எரிச்சல்பட்டவள், சட்டென்று புரிந்து போனைக் கீழே இறக்கினாள். திருப்பூரில், கோயம்புத்தூரில், இன்னும் எங்கெங்கோ, இதே நொடியில் தோல் விழித்துக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் அதே எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்களை நினைத்தாள்.

முருங்கை மரத்தடியில், தன் முறை வரட்டும் என்று அவள் காத்து நின்றாள்.